இறையியற் கல்வியில் தமிழ் நூல்களின் இடம்

1. தோற்றுவாய்

ஒரு நாட்டின் கல்வி அயலாட்சியின் பிடியினின்றும் விடுபட்டதா என்பதை எதனைக் கொண்டு அறிவது? ஆசிரியர் யாவர், பயிற்று மொழி யாது, பட்டம் வழங்குவோர் யார் என்னும் மூன்றனையும் கொண்டு அறியலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. ஏனைய கலைகளுக்கு இவ்விடை ஓரளவு பொருந்தக்கூடும். இறையியற் கல்விக்கு இது போதாது. ஆசிரியரும் தமிழர், மாணவரும் தமிழர், வகுப்பு நிகழ்வதும் தமிழிலேயே என்றாலும், அங்கே சிந்தனை முழுதும் பிறர் வகுத்த வரம்பிற்குள்ளேயே இயங்குதல் கூடும். ஆதலின் நான்காவதாக ஒரு வினாவும் எழுப்பவேண்டியுள்ளது. எந்நூல்களை மூலமாகக் கொள்கிறோம், எந்நூல்களைச் சூழலாகக் கொள்கிறோம் என்பதே அவ்வினா.

இக்கட்டுரை அவ்வினாவைத் தமிழகத்துக் கிறித்தவ இறையியற் கல்வியை முதன்மைச் சான்றாகவும், பல்கலைக் கழகங்களில் சைவ சித்தாந்தம் பயிற்றப்படும் முறையைத் துணைச் சான்றாகவும் கொண்டு ஆராய முற்படுகிறது. எச்சமயத்தின் உண்மையையும் நாட்டுவதோ மறுப்பதோ இதன் நோக்கம் அன்று. தமிழில் இறைவனைப் பற்றி எண்ணிய எண்ணங்கள் கல்வி நிலையங்களில் என்ன மதிப்புப் பெறுகின்றன என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

2. பல்கலைக் கழகமும் இறையியலும்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டில், இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதலே அதன் தொடக்ககாலப் பணி. சமயங்களிடை நடுநிலை என்பது அரசின் கொள்கையாக இருந்தமையின் இறையியல் அதன் பாடங்களுள் இடம்பெறவில்லை. 1915ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பனாரசு இந்துப் பல்கலைக் கழகமும், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அலிகார் முசுலிம் பல்கலைக் கழகமும் தத்தம் சமயக் கல்விக்குத் தனிப்பிரிவுகள் அமைத்துக் கொண்டன. சென்னை அவ்வழியிற் செல்லவில்லை.

எனவே கிறித்தவ இறையியற் பட்டத்திற்கு வேறு வாயில் வேண்டியதாயிற்று. அவ்வாயில் வங்காளத்துச் செராம்பூரில் இருந்தது. கேரி, மார்சுமன், வார்டு ஆகிய மூவரும் 1818இல் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினர். செராம்பூர் அந்நாளில் டேனியர் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரடெரிக்கு 1827இல் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைப் பட்டயம் அளித்தார். 1845இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் அவ்வுரிமை அழியவில்லை. 1918ஆம் ஆண்டு வங்காளச் சட்டம் அதனை உறுதிசெய்து செனட்டு என்னும் ஆட்சிக் குழுவிற்கு வழிவகுத்தது. 1910இல் பெங்களூரில் தோன்றிய ஐக்கிய இறையியற் கல்லூரியும், 1969இல் மதுரை அரசரடியில் தோன்றிய தமிழ்நாடு இறையியற் கல்லூரியும் இச்செனட்டின் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றின. தமிழ் மாணவன் ஒருவன் பெறும் இறையியற் பட்டத்தின் வேர் டேனிய அரசன் ஒருவனது பட்டயத்தில் ஊன்றியுள்ளது என்பது வியப்பிற்குரியது. எனினும் அதனை மட்டும் குறையாகக் கூறுதல் பொருந்தாது. பட்டயம் யாருடையதாயினும் பாடம் நம்முடையதாக இருத்தல் கூடும்.

இவ்விரு வாயில்களும் பிரிந்து நின்றமையால் விளைந்த பயனே கருதத்தக்கது. பல்கலைக் கழகத்தில் தமிழ் இருந்தது, இறையியல் இல்லை. இறையியற் கல்லூரியில் இறையியல் இருந்தது. தமிழோ பெரும்பாலும் மறையுரை ஆற்றுதற்குரிய கருவியாகவே இருந்தது. திருமுறைகளும் திவ்வியப் பிரபந்தமும் தேம்பாவணியும் ஓரிடத்தில் இலக்கியம் என்னும் பெயரால் பயிலப்பட்டன. அந்நூல்கள் எதனைப் பற்றிப் பேசினவோ அப்பொருள், வேறோரிடத்தில், அந்நூல்களின் துணையின்றியே பயிலப்பட்டது.

3. மூலமும் சூழலும்

மறைநூல், திருச்சபை வரலாறு, கோட்பாடு, செயன்முறை என இறையியலை நான்காகப் பகுக்கும் முறை செருமானியப் பல்கலைக் கழகங்களில் உருப்பெற்றுப் பிற நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டுப் பாடத்திட்டங்கள் இப்பகுப்பை அடித்தளமாகக் கொண்டு, சமயங்கள் என்னும் பிரிவொன்றையும் உடன் சேர்த்துக் கொண்டன. தமிழ்ச் சமய நூல்கள் நுழைந்தது இப்பின்னைய பிரிவின் வழியாகவே. அண்டை வீட்டார் எதனை நம்புகின்றனர் என்று அறிந்துகொள்வதற்காக அவை படிக்கப்பட்டன. இறைவனைப் பற்றிய ஒரு கூற்று உண்மையா என்று ஆராயுமிடத்து அவை அழைக்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அருள் என்பது கோட்பாட்டு வகுப்பில் தலையாய பொருள். உயிர் வீடு பெறுதற்கு அதன் முயற்சியும் வேண்டுமா, இறைவன் அருள் ஒன்றே அமையுமா என்பது அங்கு எழும் வினா. அகுசுதீனும் பெலாகியுசும் நிகழ்த்திய வாதம், லூத்தரின் கருத்து ஆகியவற்றை மாணவன் கற்கிறான். கற்கத்தக்கனவே அவை. ஆனால் இதே வினா தமிழ் நிலத்தில் வடகலையார்க்கும் தென்கலையார்க்கும் இடையே நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. குரங்குக்குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது. உயிரின் நிலை இவ்விரண்டனுள் எது என்பது அவ்வாதத்தின் சுருக்கம். பிள்ளை லோகாசாரியரின் சிரீவசன பூடணம் இதனை நுணுகி ஆராய்ந்த நூல்களுள் ஒன்று. உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயனோ அருள் என்னும் பொருள்பற்றியே 100 குறள் வெண்பாக்களால் இயன்றது. செருமானிய அறிஞர் ருடால்பு ஓட்டோ இந்திய அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூலே வெளியிட்டார். அருளைப் பற்றிய வகுப்பில் தமிழ் மாணவன் இந்நூல்களைச் சான்றாகக் காட்டுவானாயின், அது சமயங்கள் பிரிவிற்கு உரியது என்று அவன் விடை ஒதுக்கப்படுமா, அன்றி வாதத்தின் உறுப்பாக ஏற்கப்படுமா? இவ்வினாவிற்கு நாம் கூறும் விடையே கல்வியின் தன்மையைக் காட்டிவிடும்.

அகுசுதீன் வட ஆப்பிரிக்காவில் இப்போ என்னும் ஊரில் வாழ்ந்தவர். அவர் கருத்தை அவ்வூர்ச் சூழலின் விளைவு என்று எவரும் ஒதுக்குவதில்லை. உமாபதியார் கருத்தையோ சூழல் என்று கூறுகிறோம். ஒருவர் சிந்தனை உலகிற்கு உரியதாகவும் மற்றொருவர் சிந்தனை ஊருக்கு உரியதாகவும் ஆனது எவ்வாறு? அளவை நூல் இவ்வேறுபாட்டிற்கு விடை தராது. அயலாட்சியின் வரலாறே தரும். அப்பகுப்பு நம் பாடத்திட்டத்தின் அமைப்பிலேயே படிந்து கிடக்கிறது.

இதன் தொடக்கத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே காணலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி அவற்றிற்கு ஓர் அட்டவணை வகுத்தவர். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. இடையே 154 ஆண்டுகள் கழிந்தன. சமயத் தொண்டர் தமிழரிடம் கற்பதற்கும் ஏதேனும் உண்டு என்னும் எண்ணம் அக்காலத்து மேலோர்க்கு உவப்பாக இல்லை. தமிழிலிருந்து மேனாட்டிற்குச் சென்ற அறிவு சுவடியாகவே கிடந்தது; மேனாட்டிலிருந்து தமிழுக்கு வந்த அறிவோ விரைந்து அச்சாயிற்று.

4. அப்பாசாமியாரும் பின்வந்தோரும்

இந்நிலையை மாற்ற முயன்றோருள் தலைசிறந்தவர் பேராயர் அ. யே. அப்பாசாமி (1891–1975). பாளையங்கோட்டையிற் பிறந்து, ஆர்வர்டிலும் ஆக்சுபோர்டிலும் பயின்ற இவர், யோவான் நற்செய்தியைப் பக்தி இலக்கியத்தோடு இணைத்து ஆராய்ந்தார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவரது நூல் 1927இலும், மோட்சம் யாது என ஆராயும் நூல் 1931இலும் வெளிவந்தன. அதே காலத்தில் சக்கரையும் செஞ்சையாவும் வேறு வழிகளில் இவ்வினாவை எழுப்பினர். 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக மிசனரிப் பேரவையை ஒட்டி, இந்தியாவில் கிறித்தவத்தை மீளச் சிந்தித்தல் என்னும் கருத்துடைய தொகுப்பு நூலும் வெளிவந்தது.

அப்பாசாமியாரின் தொண்டு பெரிது. தமிழ் அடியார் பாடல்களைக் கிறித்தவ மாணவன் அச்சமின்றிப் படிக்கலாம் என்னும் துணிவை அளித்தவர் அவர். எனினும் அவர் நூல்களின் அமைப்பை உற்று நோக்கின் ஒரு குறை புலனாகிறது. அவர் வாதத்தின் எலும்புக்கூடு யோவான் நற்செய்தியாலும் இராமானுசரின் வேதாந்தத்தாலும் ஆயது. தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் அனுபவச் சான்றாகவும் எடுத்துக்காட்டாகவுமே வருகின்றன. இறையறிவிற்குரிய அளவைகளைக் கூறுமிடத்தும் சுருதி, யுக்தி, அனுபவம் என்னும் வடமொழி மரபைத் தழுவி, அவற்றோடு சபை என்பதையும் சேர்த்தார். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனைக் கொண்டு சிவஞான சித்தியார் அளவைப் பகுதியில் நிகழ்த்தும் ஆராய்ச்சி அவருக்கு அடித்தளம் ஆகவில்லை. பாடலைப் போற்றியவர் பாடலுக்குள் இருந்த வாதத்தைப் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பதே நாம் கூறத்தக்கது.

இக்குறையை ஓரளவு நீக்கியவர் தாமசு தங்கராசு. மதுரைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் அமெரிக்காவில் எமரி பல்கலைக் கழகத்திற் பணியாற்றிய இவர், சிலுவையில் அறையுண்ட குரு என்னும் கருத்தை மையமாகக் கொண்ட நூலை 1994இல் வெளியிட்டார். சைவ சித்தாந்தத்தில் குரு என்னும் கருத்து இயங்கும் முறையை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே அவர் இயேசுவைப் பற்றிப் பேசுகிறார். ஈண்டுச் சித்தாந்தம் அணிகலன் அன்று, வாதத்தின் உறுப்பு. சிலுவையைச் சந்திக்குமிடத்துக் குரு என்னும் கருத்தும் மாறுகிறது, கிறித்தவக் கோட்பாடும் மாறுகிறது. இரு பாலும் மாற்றம் நிகழ்வதே உண்மையான உரையாடலின் அடையாளம். ஆயினும் இந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று அமெரிக்காவில் அச்சானது. தமிழிலேயே சிந்திக்கப்பட்ட பொருள் தமிழுக்கு வெளியே சென்று எழுதப்பட்டால்தான் இறையியல் எனப்படும் நிலை இன்னும் முழுதும் மாறவில்லை.

5. தத்துவத் துறையிற் சித்தாந்தம்

இக்குறை கிறித்தவக் கல்விக்கு மட்டும் உரியது என்று கருதுதல் தவறு. சைவ சித்தாந்தம் பல்கலைக் கழகத்துள் நுழைந்தபோது தத்துவம் என்னும் பெயர் பூண்டே நுழைந்தது. அறிவாராய்ச்சி, உள்பொருளாராய்ச்சி, ஒழுக்கவியல் என மேனாட்டார் வகுத்த தலைப்புகளின்கீழ் மெய்கண்ட சாத்திரங்கள் கூறுபடுத்தப்பட்டன. ஆதீனங்களில் பாடங்கேட்ட மாணவன் நூலையும் உரையையும் வழிபாட்டையும் ஒருங்கே கற்றான். பல்கலைக் கழக மாணவனுக்கு நூல் தத்துவத் துறையிலும், தேவாரம் தமிழ்த் துறையிலும், கோயில் வரலாற்றுத் துறையிலும் கிடைத்தன. மூன்றையும் இணைத்துக் காண்பது அவன் தனிமுயற்சியாயிற்று.

இதற்கு விலக்காக அமைந்த அரிய நூல் ஒன்று உண்டு. வி. ஏ. தேவசேனாபதி, சிவஞான சித்தியாரை அதன் உரையாசிரியர் அறுவர் வழிநின்று ஆராய்ந்த நூலைச் சென்னைப் பல்கலைக் கழகம் 1960இல் வெளியிட்டது. ஆங்கில நூலேயாயினும் அதன் நெறி தமிழ்நெறி. ஒரு செய்யுட்கு அறுவர் ஆறு வகையாகப் பொருள் காணுமிடத்து, அவ்வேற்றுமையே ஆராய்ச்சிக்குப் பொருளாகிறது. உரை என்பது மூலத்தை விளக்கும் துணைநூல் மட்டும் அன்று, அதுவே சிந்திக்கும் முறை என்பதை இந்நூல் காட்டுகிறது.

பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல், இசுலாமியவியல் ஆகியவற்றிற்குத் தனித்தனித் துறைகள் அமைந்தன. 1857இல் அடைக்கப்பட்டிருந்த கதவு இவற்றால் திறந்தது, இது மகிழத்தக்கது. ஆயினும் ஒவ்வொன்றும் தன் அறைக்குள் அடங்கிவிடின் பழைய பகுப்பு வேறு உருவில் நிலைபெறும்.

6. இறைவன் பெயர்

அயலாட்சியின் தடத்தை அகற்றுதல் எளிய செயலன்று என்பதை மறைநூல் மொழிபெயர்ப்பு வரலாறு நன்கு உணர்த்தும். 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே அடிகளின் தம்பிரான் வணக்கம் இறைவனைத் தம்பிரான் என்று அழைத்தது. தத்துவ போதகரான நொபிலி அடிகள் வழியில் கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுசு பராபரன் என்னும் சொல்லை ஆண்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையுடன் பெர்சிவல் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தும், சென்னையில் உள்ளோர் அதனை ஏற்கவில்லை. 1871இல் முற்றுப்பெற்ற பவர் ஐயரின் பெயர்ப்பு தேவன் என்னும் சொல்லை நிலைநாட்டியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் கடவுள் என்னும் சொல்லைக் கொண்டன.

இச்சொற்களுள் எதுவும் வெறுஞ்சொல் அன்று. பராபரன் என்பதில் சித்தர் மரபின் மணம் உண்டு. தேவன் என்பது பல தேவருள் ஒருவனைக் குறிக்கும் என்ற தடை எழுந்தது. கடவுள் என்பது சைவர் ஆட்சியோடு நெருங்கிய சொல். ஒவ்வொரு தேர்விலும் ஓர் இறையியல் அடங்கியுள்ளது. எனின், மொழிபெயர்ப்பு வரலாறு மறைநூல் வகுப்பின் நடுவில் இருத்தற்குரியதேயன்றி, இறுதியில் ஒரு பிற்சேர்க்கையாக இருத்தற்குரியதன்று.

ஈண்டு ஒரு தடையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செந்தமிழ் நடைக்கு நெருங்கிய கடவுள் என்னும் சொல் வந்தபோது, அதனை ஏற்கத் தயங்கியோர் அயல்நாட்டார் அல்லர். தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரே. தலைமுறை தலைமுறையாக ஓதி, பிறப்பிலும் இறப்பிலும் கேட்டு, மனப்பாடமாகி நின்ற 1871ஆம் ஆண்டு நடை அவர்க்குத் தம் தாயின் குரலாகவே ஆகிவிட்டது. அயலார் தொடங்கியது என்பதாலேயே ஒன்று அயலதாகிவிடாது. பயின்றோர் அதனைத் தமதாக்கிக் கொள்கின்றனர். அறிஞர் ஒருவர் தம் அறையில் இருந்து, இது உம்முடையதன்று என்று மக்களுக்குச் சொல்வாராயின், அதுவும் ஒருவகை ஆட்சியே ஆகும்.

7. யாருடைய தமிழ்?

இதனினும் கடுமையான தடை ஒன்று உண்டு. மேனாட்டு நூலை அகற்றி அவ்விடத்தில் வேதாந்தத்தையோ சித்தாந்தத்தையோ வைத்தால் விடுதலை கிட்டிவிடுமா? அரவிந்து நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் ஆற்றிய உரையில், சூத்திர இறையியல் என ஒன்று வேண்டும் என்றார். இந்திய இறையியல் எனப் போற்றப்பட்டது பெரும்பாலும் உயர்சாதி மரபோடு நிகழ்த்திய உரையாடலே. சபையில் பெரும்பாலோரான ஒடுக்கப்பட்டோர் வாழ்வு அதில் இடம்பெறவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. பின்னர்ச் சென்னைக் குருகுலத்தில் தலித் இறையியலுக்கு அவர் அடிகோலினார்.

பரட்டை அண்ணன் என மக்கள் அழைத்த தியாப்பிலசு அப்பாவு, மதுரைக் கல்லூரியில் இருந்தவாறே இதற்கு வேறொரு வகையில் விடை கூறினார். நாட்டார் வழக்காற்றை மாற்றத்திற்குரிய கருவியாகக் காணும் அவர் நூல் 1986இல் வெளிவந்தது. சிற்றூர் மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். ஒருலை என்னும் கருத்து, அதாவது எல்லார்க்கும் ஒரே உலையிற் சமைத்து ஒருங்கிருந்து உண்ணுதல், அவர் இறையியலின் மையம். சாதி உணவைப் பிரித்து வைத்த நாட்டில் திருவிருந்து எதனைக் குறித்தல் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. 2005இல் அவர் மறைந்தார்.

அப்பாவுவின் வழி, நாம் மேலே போற்றிய மெய்கண்ட சாத்திரங்களுக்கும் ஒரு வினாவை விடுக்கிறது. ஏட்டுச் சுவடியைப் பயிலும் வாய்ப்பு யார்க்கு இருந்தது? செந்தமிழ் நூல்களை மட்டும் மூலமாகக் கொள்வோமாயின், எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் பாடலும் கதையும் மீண்டும் சூழலாகவே தள்ளப்படும். எனவே மூலம், சூழல் என்னும் பகுப்பை இடம் மாற்றி வைப்பது போதாது. அப்பகுப்பையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தல் வேண்டும்.

8. முடிவுரை

செய்யத்தக்கது யாது? மேனாட்டு நூல்களை நீக்குதல் வேண்டா. நம்மிடத்தே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. மணிமேகலையில் சமயக் கணக்கர் பலர் தத்தம் கொள்கையைக் கூறக் கேட்கும் காதை ஒன்று உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற கொள்கைகள் 14ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் அதனைக் கொண்டோர் கூறும் முறையிலேயே முதலில் கூறி, அதன் பின்னரே மறுக்கிறார். அந்நூல்கள் நடுநிலை நூல்கள் அல்ல. தம் கட்சியை நாட்டவே எழுந்தவை. எனினும் பிறர் கருத்தைச் சூழல் என்று ஒதுக்காமல், விடையிறுக்கத்தக்க வாதமாக மதித்தன. சமய ஒப்பியல் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது என்று கற்பிக்கும் வகுப்பு இவற்றை அறிதல் நன்று.

இதனை நடைமுறைப்படுத்தப் புதிய கட்டடமோ புதிய துறையோ வேண்டுவதில்லை. முதலாவது, கோட்பாட்டு வகுப்பிலேயே திருவருட்பயனையும் தென்கலை வடகலை வாதத்தையும் அகுசுதீனோடு ஒருங்கு வைத்துப் பயிற்றலாம். இரண்டாவது, ஒரு மூலத்திற்குப் பலர் உரை கண்ட மரபை மறைநூல் விளக்கத்திற்கு ஒரு முறையாகக் கொள்ளலாம். மூன்றாவது, சிற்றூர்ப் பாடலையும் கதையையும் திரட்டும் மாணவன் அவற்றைச் சான்றாகக் காட்டி வாதிடத் தேர்வில் இடம் அளிக்கலாம். நான்காவது, இம்மூன்றும் தமிழில் எழுதப்பட்டாலும் பட்ட ஆய்வாக ஏற்கப்படல் வேண்டும்.

தேர்வுத் தாளின் வினா ஒன்றே இதற்கு அளவுகோல். தமிழர் சமயச் சூழலில் அருட்கோட்பாட்டை எவ்வாறு விளக்குவாய் என்று வினவும்வரை தமிழ் கேட்கும் இடத்திலேயே நிற்கும். அருளைப் பற்றி அகுசுதீன் கூறியதை உமாபதியார் ஏற்பாரா, ஒருலையில் உண்ணும் மக்கள் ஏற்பாரா, காரணம் கூறுக என்று வினவப்படும் நாளில் அது பேசத் தொடங்கும்.